சி என்று இருந்தால் ரயில்

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் முதல் முனையத்தில் ஒரு பயணி எவ்வளவு முன்னதாகக் கேட்டை நோக்கி நடக்கத் தொடங்க வேண்டும் என்பதை ஓர் எழுத்து தீர்மானிக்கிறது. போர்டிங் பாஸில் கேட் எண்ணுக்கு முன்னால் ஜி அல்லது எச் என்று அச்சாகியிருந்தால், குடிநுழைவுச் சோதனை முடிந்ததும் அதே கட்டடத்தில் நடந்தே போய்விடலாம். சி என்று இருந்தால் விமானம் நிற்பது வேறு கட்டடத்தில். அங்கே போக ஏரோட்ரெயின் என்னும் ரயிலில் ஏற வேண்டும். ஏ, பி இரண்டும் உள்நாட்டுப் பயணத்துக்கானவை. பினாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் போகிறவர்கள் இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதியைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

சுபாங் ஜெயாவில் விமானப் பயணம் என்றால் வீட்டில் எழும் கேள்விகள் வேறு. எலைட் நெடுஞ்சாலையில் நெரிசல் இருக்குமா, கிராப் எவ்வளவு காட்டுகிறது, மாமாவுக்கு வாங்கிய தைலப் போத்தலைக் கைப்பையில் வைக்கலாமா, பெட்டி எடை தாண்டிவிடுமா. கேட் எழுத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது தெரியவருவது பெட்டியைக் கொடுத்து முடித்த பிறகுதான். இன்று ஜி கேட்டிலிருந்து புறப்பட்ட சென்னை விமானம் நாளை சி கேட்டிலிருந்து புறப்படலாம். போர்டிங் பாஸ் கைக்கு வந்த பிறகும் கேட் மாறுவதுண்டு. அதனால் குடிநுழைவைக் கடந்ததும் பயணி முதலில் பார்க்க வேண்டியது வாசனைத் திரவியக் கடையை அல்ல, புறப்பாட்டுத் திரையை.

எந்த நிலையம், எந்த முனையம்

சுபாங் ஜெயாக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு விமான நிலையம் இருக்கிறது. 1965-இல் திறக்கப்பட்ட சுபாங் விமான நிலையம்தான் 1998 வரை நாட்டின் தலைவாசல். அறுபதைத் தாண்டிய பலருக்கு, தமிழ்நாட்டுக்குப் போன முதல் பயணம் என்றால் இன்றும் சுபாங்தான் நினைவுக்கு வரும். 1998 ஜூன் 27 அன்று செப்பாங்கில் புதிய விமான நிலையம் திறப்பு விழாக் கண்டது. சில நாட்களில் பெரிய விமானங்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. சுபாங்கில் சிறிய விமானங்கள் மட்டும் மிஞ்சின. 2024 ஆகஸ்டில் ஜெட் விமானங்கள் சில வழித்தடங்களுக்கு மீண்டும் அங்கிருந்து பறக்கத் தொடங்கியதால் பழைய குழப்பம் புது வடிவில் திரும்பியிருக்கிறது. டிக்கெட்டில் கேயுஎல் என்று இருந்தால் செப்பாங். எஸ்இசட்பி என்று இருந்தால் சுபாங். வாடகைக் காரை அழைக்கும் முன் அந்த மூன்றெழுத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

சுபாங் ஜெயா கேடிஎம் நிலையம் வழியாகச் சுபாங் விமான நிலையத்துக்கு 2018 மே முதல் ஓடிய ஸ்கைபார்க் லிங்க் ரயில் 2023 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய வரைபடங்களை நம்பி மேடையில் காத்திருப்பதில் பயனில்லை.

செப்பாங்கில் இரண்டு முனையங்கள். முன்பு கேஎல்ஐஏ, கேஎல்ஐஏ2 என்று அழைக்கப்பட்டவை 2023-இல் முதல் முனையம், இரண்டாம் முனையம் என்று பெயர் மாறின. மலேசியா ஏர்லைன்ஸ், பாத்திக் ஏர், ஸ்ரீலங்கன், எமிரேட்ஸ் முதலியவை முதல் முனையத்தில். ஏர்ஏசியா இரண்டாம் முனையத்தில். திருச்சிக்குப் போகும் ஒரே குடும்பத்தில் அண்ணன் பாத்திக் ஏரிலும் தம்பி ஏர்ஏசியாவிலும் டிக்கெட் எடுத்திருந்தால், இருவரும் ஒரே காரில் போய் ஒரே வாசலில் இறங்க முடியாது.

காரில் போகாதவர்களுக்குச் சுபாங் ஜெயாவிலிருந்து ஒரு நல்ல வழி இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. விமான நிலைய ரயில் என்றதும் கேஎல் சென்ட்ரல்தான் நினைவுக்கு வருகிறது. அங்கிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் 28 நிமிடத்தில் முதல் முனையத்தை அடைவது உண்மைதான். பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பவர்களுக்கும், கிள்ளானிலிருந்து கேடிஎம்மில் வருபவர்களுக்கும் அதுவே வசதி. சுபாங் ஜெயாவாசி மட்டும் தெற்கே போவதற்காக வடகிழக்கே போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக எஸ்எஸ்15 அல்லது தைப்பானில் கிளானா ஜெயா எல்ஆர்டியில் ஏறிக் கடைசி நிலையமான புத்ரா ஹைட்ஸில் இறங்கலாம். அங்கே ஸ்ரீ பெட்டாலிங் தடத்துக்கு மாறி பண்டார் தாசேக் செலாத்தான் போனால், கேஎல்ஐஏ டிரான்சிட் ரயில் கிடைக்கும். அது புத்ராஜெயா, சாலாக் திங்கி வழியாக இரண்டு முனையங்களுக்கும் போகிறது. பெரிய பெட்டிகள் இரண்டுக்கு மேல் இருந்தால் இந்த வழி தொல்லை. முதுகுப்பையோடு போகிறவருக்கு அலைச்சல் மிச்சம்.

ஏன் ரயில்

முதல் முனையத்தை வடிவமைத்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா. காட்டுக்குள் விமான நிலையம், விமான நிலையத்துக்குள் காடு என்பது அவர் எண்ணம். சாட்டிலைட் கட்டடம் என்று எல்லோரும் சொல்லும் துணைக் கட்டடத்தின் நடுவில் உண்மையான மரங்கள் நிற்கும் சிறு காடு ஒன்று இருப்பது அதனால்தான். மரப்பலகை நடைபாதையில் அதைச் சுற்றி வரலாம். நேரமிருந்தால் போய்ப் பார்க்கத் தகுந்த இடம். விமானம் ஏறும் முன் வெயிலும் ஈரக்காற்றும் படும் கடைசி வாய்ப்பு.

அந்தக் கட்டடம் மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவில் தெரியும். நான்கு கைகளிலும் விமானங்கள் ஒட்டி நிற்கும். எல்லாப் பக்கமும் விமானம் வந்து நிற்க வேண்டுமானால் கட்டடம் தனித் தீவாக இருக்க வேண்டும். தீவுக்கும் பிரதான முனையத்துக்கும் நடுவே விமானங்கள் ஊர்ந்து போகும் பாதைகள். ஆகவே பயணிகள் அந்தப் பாதைகளுக்கு அடியில் போக வேண்டும், அல்லது மேலே போக வேண்டும். குரோகாவாவின் திட்டத்தில் ரயில் வந்தது. சுமார் 1.2 கிலோமீட்டர் நீளத்துக்கு இரட்டைப் பாதை. இரு முனைகளிலும் உயரமான தளத்தில் நிலையங்கள். நடுவே பாதை இறங்கி, விமானங்களுக்கு அடியில் சுரங்கமாகப் போய், மறுபடி மேலே ஏறுகிறது. பயண நேரம் மூன்று நிமிடத்துக்குள்.

இந்த வடிவமைப்பில் ஒரு பலவீனம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் வழிகாட்டி நூல் விளம்பரத் துண்டாகிவிடும். ரயிலைத் தவிர நடந்து போக வழியே வைக்கவில்லை. அமெரிக்காவின் அட்லாண்டா விமான நிலையத்தில் 1980 முதல் ஓடும் ரயிலுக்குப் பக்கத்திலேயே, அதே சுரங்கத்தில், நகரும் நடைபாதையும் உண்டு. ரயில் நின்றால் ஜனம் நடக்கும். 1995-இல் திறந்த டென்வர் நிலையத்தில், தொலைவில் இருக்கும் இரண்டு கட்டடங்களுக்கு ரயில் மட்டும்தான். செப்பாங் டென்வர் வழியில் போனது. அதன் விலை என்ன என்பது கால் நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது.

செப்பாங்கிலேயே 2014 மே மாதம் திறந்த இரண்டாம் முனையத்தில் வேறு முடிவு எடுத்தார்கள். அங்கே துணைக் கட்டடத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் நீளப் பாலம். விமானங்கள் அதற்கு அடியில் ஊர்ந்து போகும் அளவுக்கு உயரமானது. பாலம் பழுதாகி நிற்பதில்லை. ஆனால் முழங்கால் வலிக்காரர்கள் நடந்து நொந்துபோகிறார்கள். நகரும் நடைபாதை இருக்கிறது. ஆனாலும் குடிநுழைவிலிருந்து கடைசி கேட் வரை கணக்கிட்டால் ஏர்ஏசியா பயணிதான் அதிகம் நடக்கிறார்.

25 ஆண்டும் 28 மாதமும்

பழைய ஏரோட்ரெயின் 1998-இல் அட்ரான்ஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. இரண்டு பாதைகளிலும் ஒவ்வொரு ரயில். தன் பாதையில் மட்டும் போய்வரும். ஒன்று பழுதானால் மற்றது ஓடும் என்பது கணக்கு. ஆண்டுகள் கூடக் கூட அந்தக் கணக்கு அடிக்கடி தேவைப்பட்டது. 2023 மார்ச் 1 அன்று ஒரு ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. அதில் இருந்த 114 பயணிகளையும் இறக்கிப் பாதையோரமாகவே நடத்திக் கூட்டிவந்தார்கள். மறுநாள் சேவை முழுவதும் நிறுத்தப்பட்டது. ரயில்களின் ஆயுட்காலம் 25 ஆண்டு என்பது முன்பே தெரிந்த விஷயம். மாற்றுவதற்கான ஒப்பந்தமும் 2021 இறுதியிலேயே கொடுக்கப்பட்டிருந்தது. வேலை நகரவில்லை. 2023 ஆகஸ்டில் அந்த ஒப்பந்தம் ரத்தானது. 2024-இல் அல்ஸ்தோம், ஐஜேஎம், பெஸ்டெக் மூன்றும் சேர்ந்த கூட்டமைப்புக்கு 45 கோடியே 60 லட்சம் ரிங்கிட்டுக்கு மறுபடி கொடுத்தார்கள்.

இடையில் பேருந்து. பிரதான முனையத்தில் கீழே இறங்கி, பேருந்தில் ஏறி, ஓடுதளப் பகுதியைச் சுற்றிச் சாட்டிலைட் கட்டடத்துக்குப் போய், மறுபடி மேலே ஏற வேண்டும். மூன்று நிமிட வேலை கால் மணி, அரை மணி என்று நீண்டது. கைக்குழந்தைக்காரர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் பட்ட பாடு சொல்லி மாளாது. சென்னையிலிருந்து நான்கு மணி நேரம் பறந்து வந்து, விடிகாலையில் பேருந்துக்கு வரிசையில் நிற்பது நாட்டுக்கே மானக்கேடு என்று நாடாளுமன்றத்திலும் நாளிதழ்களிலும் பேச்சு எழுந்தது. அந்தக் கோபம் நியாயமானதுதான். 25 ஆண்டு ஆயுள் என்று எழுதி வாங்கிய பொருளுக்கு 25-ஆம் ஆண்டு வரும்போது மாற்று இல்லாமல் போனதற்குத் தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல முடியாது.

28 மாதங்களுக்குப் பிறகு, 2025 ஜூலை 1 அன்று, போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் முன்னிலையில் புதிய ஏரோட்ரெயின் ஓடத் தொடங்கியது. மூன்று புதிய ரயில்கள். அல்ஸ்தோமின் இன்னோவியா 300 வகை. மறுநாளே கனமழையில் சுரங்கத்தில் தண்ணீர் தேங்கியதால் சேவை சற்று நேரம் நிறுத்தப்பட்டு மறுபடி பேருந்து வந்தது. சமூக ஊடகங்களில் கேலிக்குக் குறைவில்லை. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் பராமரிப்புக்காக இரவு நேரங்களில் ரயிலை நிறுத்திப் பேருந்து விட்ட காலமும் உண்டு. நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் இடைப்பட்ட விமானம் என்றால் மலேசிய விமான நிலைய நிறுவனத்தின் அறிவிப்புகளை முதல் நாளே ஒருமுறை பார்த்துக்கொள்வது வீண் வேலை ஆகாது.

ஓட்டுநர் எங்கே?

ஏரோட்ரெயினில் முன்பக்கக் கண்ணாடி வழியே பாதை தெரியும். அங்கே ஓட்டுநர் இருக்கை கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து முதல் முறை வரும் பாட்டிமார்கள் "யாருப்பா ஓட்டுறது?" என்று கேட்பதும், பேரப்பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்பதும் இங்கே தினசரிக் காட்சி. சுபாங் ஜெயாக்காரர்களுக்கு இதில் வியப்பு இருக்கக் கூடாது. 1998 செப்டம்பரில் ஓடத் தொடங்கி, 2016 ஜூன் இறுதியில் எஸ்எஸ்15, யுஎஸ்ஜே வழியாகப் புத்ரா ஹைட்ஸ் வரை நீண்ட கிளானா ஜெயா எல்ஆர்டியும் ஓட்டுநர் இல்லாத ரயில்தான். வேலைக்குத் தினமும் அதில் போகிறவர்கள், விமான நிலையத்தில் அதே ஏற்பாட்டைக் கண்டு தயங்குவது வேடிக்கை.

இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. எல்ஆர்டி இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்தில் ஓடுகிறது. ஏரோட்ரெயினுக்கு லாரிக்கு இருப்பது போன்ற ரப்பர் சக்கரங்கள். அவை கான்கிரீட் பாதையில் உருள்கின்றன. பாதையின் நடுவே ஓடும் எஃகு உத்திரத்தைச் சிறு வழிகாட்டிச் சக்கரங்கள் இருபுறமும் பற்றிக்கொள்வதால் வண்டி விலகிப் போகாது. ரப்பர் சக்கரத்தால் சத்தம் குறைவு. சுரங்கத்திலிருந்து மேலே ஏறும் சரிவிலும் வழுக்காமல் ஏறும். மின்சாரம் பாதையிலேயே பதித்த மின்தண்டவாளத்திலிருந்து வருகிறது. நிலையத்தில் மேடைக் கதவும் ரயில் கதவும் ஒன்றுக்கொன்று நேராக வந்து நின்ற பிறகே இரண்டும் திறக்கும். இரண்டும் மூடி, இடையில் எதுவும் சிக்கவில்லை என்று உணரிகள் சொன்ன பிறகே வண்டி நகரும். ஓடிவந்து கதவிடுக்கில் பையை நுழைக்கும் ஒருவர் எல்லோரையும் தாமதப்படுத்துகிறார். மூன்று நிமிடத்தில் அடுத்தது வரும்.

இந்த வகை ரயிலின் குடும்பக் கதை சுவையானது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 1960-களில் சோதித்துப் பார்த்த வண்டியிலிருந்து தொடங்குகிறது. 1971-இல் டாம்பா விமான நிலையத்தில் அது முதன்முதலாகப் பயணிகளை ஏற்றியது. பயணி காரிலிருந்து இறங்கி விமானம் வரை நடக்கும் தூரத்தைக் குறைப்பதே அங்கே நோக்கம். படுக்க வைத்த மின்தூக்கி என்றுதான் அதைப் பொறியாளர்கள் பார்த்தார்கள். வெஸ்டிங்ஹவுஸின் அந்தப் பிரிவு பின்னர் அட்ரான்ஸ் கைக்கும், 2001-இல் பொம்பார்டியர் கைக்கும், 2021-இல் அல்ஸ்தோம் கைக்கும் போனது. ஆக, 1998-இல் செப்பாங்குக்கு வந்த ரயிலும் 2025-இல் வந்த ரயிலும் வேறு வேறு நிறுவனப் பெயர் தாங்கிய ஒரே வம்சம்.

ஓட்டுநர் இல்லாதது ஆபத்தா? கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இதற்கு விடை இருக்கிறது. 2021 மே 24 அன்று கேஎல்சிசி அருகே கிளானா ஜெயா தடத்தில் இரண்டு ரயில்கள் மோதியதில் 213 பேர் காயமடைந்தார்கள். மோதிய ரயில்களில் ஒன்று பயணிகள் இல்லாத வெற்று ரயில். அதை அன்று கையால் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தானியங்கி முறைக்கு வெளியே ஒரு வண்டி வந்ததும் விபத்து நேர்ந்தது. 2022 நவம்பரில் வேறு வகைத் தொல்லை. அதே தடத்தின் தானியங்கிக் கட்டுப்பாட்டு அமைப்பே தடுமாறியதால் கிளானா ஜெயா முதல் அம்பாங் பார்க் வரை 16 நிலையங்கள் பல நாட்கள் மூடப்பட்டன. காயம் யாருக்கும் இல்லை. வேலைக்குப் போக முடியாத ஆயிரக்கணக்கானோருக்கு அலைச்சல். சந்தேகம் வந்தால் நின்றுவிடு என்பதுதான் இந்த அமைப்புகளுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. ஆகவே ஏரோட்ரெயினில் போகிறவர் பயப்பட வேண்டியது மோதலுக்கு அல்ல, நிற்பதற்கு.

நடுவழியில் நின்றால் செய்ய வேண்டியது குறைவு. செய்யக் கூடாதது முக்கியம். கதவை நெம்பித் திறக்கக் கூடாது. பாதையில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும், எதிர்ப் பாதையில் வண்டி வரலாம். பெட்டிக்குள் கட்டுப்பாட்டு அறையோடு பேசும் வசதி இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திய பிறகு ஊழியர்கள் வந்துதான் இறக்குவார்கள்.

நேரம், கால்கள், சக்கர நாற்காலி

மூன்று நிமிடப் பயணம் என்பதைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர்கள்தான் கேட் மூடிய பிறகு மூச்சிரைக்க வந்து நிற்கிறார்கள். ரயிலுக்கு முன்னும் பின்னும் நடை இருக்கிறது. சாட்டிலைட் கட்டடத்தின் நடுவில் இறங்கினால், சிலுவையின் கைக்கோடியில் இருக்கும் கேட்டுக்குப் பத்து நிமிடம் நடக்க வேண்டியிருக்கும். கேட்டுக்குள் நுழையும் முன் கைப்பைச் சோதனை வரிசை வேறு. சி கேட் என்றால், குடிநுழைவைக் கடந்த பிறகு கேட் மூடும் நேரத்துக்குக் குறைந்தது 45 நிமிடம் மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது இந்த நூலின் பரிந்துரை. ரயில் நின்று பேருந்து வந்தாலும் அந்த 45 நிமிடம் தாங்கும். வயதானவர்களோடு போகிறவர்கள் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

நம் குடும்பங்களில் நேரம் கரைவது வேறு இடத்தில். வழியனுப்ப வரும் கூட்டம் குடிநுழைவு வாசலோடு நிற்க வேண்டியதுதான். ஏரோட்ரெயின் அதற்கு அப்பால் இருக்கிறது. அந்த வாசலில்தான் திருநீறு பூசுவது, கட்டிப்பிடித்து அழுவது, ஊரில் யார் யாருக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்று மறுபடி ஒப்பிப்பது, கடைசியாக ஒரு படம் எடுப்பது எல்லாம் நடக்கின்றன. தீபாவளி, பொங்கல் நேரத்தில் ஒரு பயணிக்கு எட்டுப் பேர் வருகிறார்கள். விடை பெறுதலை வீட்டிலேயே பாதி முடித்துவிட்டு வருவது நல்லது.

சக்கர நாற்காலி தேவைப்படுபவருக்கு அதை விமான நிறுவனத்திடம் டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்ய வேண்டும். விமான நிலையத்துக்கு வந்த பிறகு கேட்டால் கிடைக்காது என்றில்லை, காத்திருக்க நேரிடும். "அம்மா நல்லா நடப்பாங்க" என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். வீட்டிலிருந்து கோயில் வரை நடப்பது வேறு, பளிங்குத் தரையில் கைப்பையோடு ஒரு கிலோமீட்டர் நடப்பது வேறு. தயக்கம் வேண்டியதில்லை. புதிய ரயில்களில் தரை மேடைக்குச் சமமாக இருப்பதால் நாற்காலி தடங்கலின்றி உள்ளே போகும். ரயிலில் இருக்கைகள் குறைவு. பெரும்பாலோர் நின்றுதான் போவார்கள். கிளம்பும்போதும் நிற்கும்போதும் குலுக்கல் உண்டு. கம்பியைப் பிடிக்கும் ஒரு கையைக் காலியாக வைத்துக்கொள்வது அவசியம்.

திரும்பி வரும்போது கேட் எழுத்தைப் பார்க்கும் வேலை இல்லை. விமானம் சாட்டிலைட் கட்டடத்தில் நின்றால் எல்லோரும் ரயில் ஏறித்தான் பிரதான முனையத்துக்கு வர வேண்டும். குடிநுழைவும் பெட்டிகள் வரும் பட்டையும் அங்கேதான். பெரிய விமானம் ஒன்று வந்தால் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் மேடையில் நிற்பார்கள். முதல் கதவருகே முண்டியடிக்காமல் மேடையின் மறுகோடிக்குப் போனால் இடம் கிடைக்கும். அழைத்துப் போக வந்தவருக்கு, சக்கரம் தரை தொட்டதிலிருந்து வெளி வாசல் வரை ஒரு மணி நேரம் ஆகலாம் என்று முன்பே சொல்லி வைத்தால், அவர் வாசலில் காரைச் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டியிருக்காது.

ஒன்றிலிருந்து இரண்டுக்கு

அதிகம் பேர் தவறாக நினைக்கும் இடம் இதுதான். ஏரோட்ரெயின் முதல் முனையத்தையும் இரண்டாம் முனையத்தையும் இணைப்பதில்லை. அது முதல் முனையத்தின் இரு கட்டடங்களை மட்டும் இணைக்கிறது. இரு முனையங்களுக்கு நடுவே போக இரண்டு வழிகள். ஒன்று கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ், டிரான்சிட் ரயில்கள். மூன்று நிமிடப் பயணம், கட்டணம் 2 ரிங்கிட். மற்றது இலவசப் பேருந்து. சாலையில் ஏறத்தாழ பத்து நிமிடம், அதற்கு முன் காத்திருப்பு. ரயில்களில் ஓட்டுநர் உண்டு, டிக்கெட் உண்டு. ஏரோட்ரெயினில் இரண்டும் இல்லை.

இதில் ஒளிந்திருக்கும் சிக்கல், இந்த இரு வழிகளும் குடிநுழைவுக்கு வெளியே இருக்கின்றன என்பது. சென்னையிலிருந்து மலேசியா ஏர்லைன்ஸில் வந்து மெல்பர்னுக்கும் அதே நிறுவனத்தில் போகிறவர் ஏரோட்ரெயினோடு நின்றுவிடலாம்; வெளியே வர வேண்டியதில்லை. முதல் முனையத்தில் இறங்கி ஏர்ஏசியாவில் பாலிக்குப் போகிறவர் மலேசியாவுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, முனையம் மாறி, மறுபடி பெட்டியைக் கொடுத்து, மறுபடி வெளியேறும் முத்திரை பெற வேண்டும். இந்தியக் கடப்பிதழ்காரர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. ஆனாலும் வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்பியிருக்க வேண்டும். இலங்கைக் கடப்பிதழ் என்றால் விசா தேவை. தனித்தனி டிக்கெட்டாக மலிவு பார்த்து வாங்கும் உறவினர்களுக்கு, இரு விமானங்களுக்கு நடுவே நான்கு மணி நேரமாவது விடச் சொல்ல வேண்டும்.

மற்ற ஊர்களில் இதே கேள்விகளுக்கு விடை வேறு. சிங்கப்பூர் சாங்கியில் 1990 முதல் ஸ்கைட்ரெயின் ஓடுகிறது. முதல் மூன்று முனையங்களையும் அது இணைக்கிறது, நடந்தும் போகலாம், நான்காவதுக்கு மட்டும் பேருந்து. துபாயில் எமிரேட்ஸ் பயணிகள் மூன்றாம் முனையத்தின் ஏ பகுதிக்குப் போக ரயில் ஏற வேண்டும். அங்கேயும் போர்டிங் பாஸில் எழுத்துதான் வழிகாட்டி. பாங்காக் சுவர்ணபூமியில் 2023 செப்டம்பரில் திறந்த துணைக் கட்டடத்துக்கும் ஓட்டுநர் இல்லாத ரயில் ஓடுகிறது. டெல்லியில் முனையங்களை இணைக்கும் ரயில் இன்னும் திட்டமாகவே இருப்பதால் அங்கே விமானம் மாறுகிறவர்கள் பேருந்துக்கும் சாலை நெரிசலுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்க வேண்டும்.